ஆணி அடிக்கக் கூடாது

சென்னையில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனால், சாவியைக் கையில் கொடுப்பதற்கு முன் ஓனர் சொல்லும் மகா வாக்கியம் ஒன்று உண்டு: "சுவத்துல ஒரு ஆணி அடிக்கக் கூடாது." அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் சொன்னாலும், பத்து மாதத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு நிற்பவருக்கு அந்த வாக்கியத்தின் கனம் தெரியும். காலி செய்யும் நாளில் ஒவ்வொரு ஓட்டைக்கும் பெயின்ட் காசு பிடிப்பார்கள். எனவே சாதாரண மனிதர்கள் தலையாட்டிவிட்டு, முருகன் காலண்டரை ஜன்னல் கம்பியில் கட்டிக் காலம் தள்ளுவார்கள். இதைக் கேட்டதும் யாருடைய கண்ணிலாவது ஒரு பளபளப்பு தெரிந்தால், அவர்தான் நமது அலங்காரப் பேர்வழி.

இவருக்கு வயது வரம்பு கிடையாது. ஹாஸ்டல் கட்டிலுக்கு மேலே சணல் கயிறு கட்டி, துணி கிளிப்பில் ஃபோட்டோக்களைத் தொங்கவிட்டு, சீரியல் லைட் சுற்றும் முதலாண்டு மாணவியும் இவர்தான். திருவல்லிக்கேணி மேன்ஷனில், மூன்று கட்டில் போட்ட அறையில், தன் பங்குக்கு வந்த ஆறடிக்கு மூன்றடியில் 'ரீடிங் கார்னர்' அமைத்த இளைஞரும் இவர்தான். பேங்க்கில் ரிடையராகி, மேடவாக்கத்தில் சிங்கிள் பெட்ரூமுக்குக் குடிவந்து, நவராத்திரி முடிந்தும் கொலுப்படியைப் பிரிக்காமல் புத்தக அலமாரி ஆக்கிவிட்ட மாமியும் இவர்தான். மூவர் கைப்பையிலும் ஒரு இன்ச் டேப் இருக்கும்.

இவர் வீட்டுக்குப் போனால் குடிக்கத் தண்ணீர் வருவதற்கு முன்னால் கேள்வி வந்துவிடும்.

"இந்தக் கண்ணாடி என்ன விலை இருக்கும்? சும்மா சொல்லுங்களேன்."

இங்கேதான் விருந்தாளிக்குச் சாமர்த்தியம் வேண்டும். வாங்கியிருக்கக்கூடிய விலையை மனதுக்குள் கணித்து, அதை மூன்றால் பெருக்கி, கொஞ்சம் தயங்குகிற மாதிரி நடித்துச் சொல்ல வேண்டும். "ரெண்டாயிரம் இருக்குமா?" என்றால் முகம் மலரும். "நானூத்தம்பது! மூர் மார்க்கெட்!" என்று கத்துவார். காபியும் டிகிரி காபியாக வரும். விவரம் தெரியாத மாமனார் ஒருவர், "எரநூறு ரூபா குடுத்திருப்பீங்களா மாப்பிள்ளை?" என்று கேட்டுவிட்டார். அன்று ராத்திரி அவருக்கு மோர் சாதம்தான்.

பேர்வழியின் கையில் இருப்பது தனிச் சென்னை. துணிக்குக் கோடவுன் தெரு, எல்இடி பட்டைக்கு ரிச்சி ஸ்ட்ரீட், பழைய சாமானுக்கு மூர் மார்க்கெட். ஸ்கிரீன் துணியைத் தொட்டுக் காட்டி, "கரூர் எக்ஸ்போர்ட் சரக்கு சார். தையல் கோணல்னு அமெரிக்காக்காரன் ரிஜெக்ட் பண்ணிட்டான். கோணல் எங்கே இருக்குன்னு நீங்களே கண்டுபிடிங்க பார்ப்போம்" என்பார். நாமும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கொஞ்ச நேரம் கோணலைத் தேட வேண்டும். கண்டுபிடித்தாலும் சொல்லக் கூடாது.

அவர் சொல்வதில் விஷயமே இல்லை என்று தள்ளிவிடவும் முடியாது. ஜன்னலுக்கு எதிரே கண்ணாடி வைத்தால் பத்துக்குப் பத்து அறையும் கொஞ்சம் மூச்சு விடத்தான் செய்கிறது. ஸ்கிரீனை ஜன்னல் சட்டத்தில் கட்டாமல் கூரையை ஒட்டித் தொங்கவிட்டால் அறை உயரமாகத்தான் தெரிகிறது. பழைய புடவை ஒன்று ஐந்தரை மீட்டர். நாலாக வெட்டினால் துண்டுக்கு நாலரை அடி. ஜன்னலுக்கு இரண்டு துண்டு வீதம் இரண்டு ஜன்னலுக்கு ஆயிற்று. கணக்கு துல்லியம். மனைவியின் அனுமதி வாங்காமல் வெட்டியதில்தான் பிசகு.

ஆனால் அவருடைய நிஜமான போர்க்களம் சுவர். ஆயுதம், டபுள் சைடு டேப். சுவரை உலர்ந்த துணியால் துடைத்து, டேப்பை ஒட்டி, அறுபது வரை எண்ணி அழுத்தி, ஒரு மணி நேரம் யாரையும் ஃபேன் போடவிடாமல் காவல் காத்து, அப்புறம்தான் படத்தை மாட்டுவார். டேப் நல்ல டேப்தான். அது பெயின்ட்டை விடவே விடாது. ஓனர் அடித்த மட்டமான டிஸ்டெம்பர்தான் சுவரை விட்டுவிடும். ஐப்பசி அடைமழையில் சுவர் ஓதம் காத்ததும் நடுராத்திரியில் 'டம்' என்று ஒரு சத்தம். திருடன் என்று பதறி எழுந்து ஸ்விட்சைப் போட்டால், தரையில் மல்லாந்து கிடப்பவர் புத்தர். இவ்வளவு நடந்தும் அவர் புன்னகை மட்டும் மாறவில்லை.

அடுத்தது விளக்கு. 2700 கெல்வின் மஞ்சள் பல்புக்கு அடியில் வைத்தால் பிளாஸ்டிக் ஸ்டூலும் தேக்காகத் தெரியும் என்பது அவர் சித்தாந்தம். ஊரிலிருந்து வந்த அப்பா ஹாலில் நின்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, இங்க லோ வோல்டேஜா?" என்று விசாரித்தார். மறுநாள் காலையில் பெரியவரைக் காணோம். பாத்ரூமுக்குள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வீட்டிலேயே 6500 கெல்வின் வெள்ளை விளக்கு எரிகிற ஒரே இடம் அதுதான்.

அந்தப் பெரியவருக்கு இன்னொரு அதிர்ச்சியும் காத்திருந்தது. அவர் கல்யாணத்துக்கு வாங்கிய பவானி ஜமுக்காளம் லாஃப்ட் விளிம்பிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. புவிசார் குறியீடு வாங்கிய நெசவு, அதைக் காலில் போட்டு மிதிக்கலாமா என்று மகன் விளக்கினார். அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அதெல்லாம் சரிப்பா. அதை எறக்கிப் போடு, உக்காரணும்."

மணி பிளான்ட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் பேர்வழி கோபித்துக்கொள்வார். பசிபிக் பெருங்கடலில் மூரியா தீவில் பிறந்த கொடி, பக்கத்து ஃபிளாட் பால்கனி வழியாக ஹார்லிக்ஸ் பாட்டிலுக்கு வந்து சேர்ந்திருக்கும். "காசு குடுத்து வாங்கினா வளராது சார், திருடித்தான் வைக்கணும்" என்பார். சாஸ்திரமே சிக்கனத்துக்குச் சாதகமாக இருக்கும்போது யார் என்ன சொல்வது?

ஒரு மாதம் ஒண்ணாம் தேதி ஓனரே நேரில் வந்தார். நாலு சுவரையும் தடவிப் பார்த்தார். ஒரு ஆணி இல்லை. திருப்தியில் மோடாவில் உட்கார்ந்து, ஸ்கிரீன், கண்ணாடி, மஞ்சள் விளக்கு என்று ஒவ்வொன்றாகக் கண்ணை ஓட்டினார். பேர்வழிக்கு நாக்கு சும்மா இருக்குமா?

"இந்த ஹால் மொத்தமும் என்ன ஆகியிருக்கும், சும்மா சொல்லுங்க சார்?"

ஓனர் இன்னொரு முறை சுற்றிப் பார்த்துவிட்டு, "பதினாலாயிரம்" என்றார்.

"ஐயாயிரம்கூட ஆகலை சார்!" என்று துள்ளினார் பேர்வழி.

"நான் வாடகையைச் சொன்னேன் தம்பி. அடுத்த மாசத்துலேர்ந்து."

பன்னிரண்டாயிரம் கொடுத்துக்கொண்டிருந்த வேறு யாராக இருந்தாலும் இடிந்து உட்கார்ந்திருப்பார்கள். கோடவுன் தெருவில் பழகிய வாய், தன்னையறியாமல் கேட்டுவிட்டது:

"சரி, கடைசி விலை சொல்லுங்க."