காற்றுக்கு ஒரு பி.ஆர்.ஓ.

நம்மவரைக் கிண்டி, தரமணிப் பக்கத்துக் கண்ணாடிக் கட்டடங்களில் பார்க்கலாம். மேஜையில் செம்புத் தண்ணீர் பாட்டில். கார் டிக்கியில் ஒரு கீறல்கூட விழாத வெள்ளை ஹெல்மெட். விசிட்டிங் கார்டு விதைக் காகிதத்தில் செய்தது. மண்ணில் புதைத்தால் துளசி முளைக்கும் என்று சொல்லித்தான் நீட்டுவார். எங்கள் வீட்டுத் தொட்டியில் அது கடுகாக முளைத்தது. கார்டில் உள்ள பதவியின் பெயர் இரண்டு வரிக்கு ஓடும். சுருக்கமாகச் சொன்னால், காற்றிலும் வெயிலிலும் மின்சாரம் எடுக்கிற கம்பெனி ஒன்றின் சார்பில் உலகத்தோடு பேசுகிறவர்.

நாளிதழில் துணையாசிரியராக ஆரம்பித்தவர். அங்கிருந்து பி.ஆர். ஏஜென்சிக்குப் போய் நகைக்கடை, பற்பசை, பிரசவ ஆஸ்பத்திரி என்று எல்லாவற்றுக்கும் புகழ் பாடினார். இப்போது பாடுவது சூரியனுக்கு. "பற்பசைக்காவது போட்டி பிராண்டு உண்டு. சூரியனுக்கு யார் போட்டி?" என்பார். நிலக்கரி என்று சொன்னால் ஒரு நிமிஷம் மௌனமாகிவிடுவார். அவருடைய கம்பெனிக்கு வேண்டிய சிலர் அந்தத் தொழிலிலும் இருக்கிறார்கள்.

முன்பெல்லாம் இப்படி ஒரு உத்தியோகமே கிடையாது. தமிழ்நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணை 1986-இல் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் முள்ளக்காட்டில் சுற்றத் தொடங்கியது. தொண்ணூறுகளில் முப்பந்தல், ஆரல்வாய்மொழிக் கணவாயில் வரிசைகட்டி எழுந்தவற்றில் பல, பஞ்சாலை முதலாளிகள் போட்டவை. போட்ட பணம் முழுவதையும் முதல் வருஷமே தேய்மானக் கணக்கில் காட்டி வரியைக் குறைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் இடம் கொடுத்தது. அந்தக் காலத்தில் காற்றாலைக்குப் பி.ஆர்.ஓ. ஆடிட்டர்தான். கேட்க வேண்டிய ஆள் முதலாளி ஒருவரே. அதுவும் வருஷக் கணக்கு முடிகிற மார்ச் மாதம் பேசினால் போதும். விஷயம் நாலு வரியில் முடிந்துவிடும், காற்று என்ற சொல் அதில் ஒரு தடவை வந்தால் அதிகம்.

பிறகு வெளிநாட்டுப் பென்ஷன் நிதிகள் பணம் போட வந்தன. பங்குச் சந்தையில் முன்னணியில் இருக்கும் ஆயிரம் கம்பெனிகள் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு பற்றி வருஷா வருஷம் அறிக்கை தரவேண்டும் என்று 2022-23 முதல் செபி கட்டாயமாக்கியது. அறிக்கை என்றால் எழுத ஆள் வேண்டும். எழுதினால் படம் வேண்டும், படத்துக்குக் கீழே வாசகம் வேண்டும். நம்மவரின் சம்பளம் இப்படித்தான் வளர்ந்தது.

இவருடைய வித்தையின் உச்சம் 'வீட்டுக் கணக்கு'. 100 மெகாவாட் சூரிய மின் நிலையம் என்று சொன்னால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. மெகாவாட் என்பது குழாயின் அகலம். குடத்தில் விழுந்த தண்ணீர்தான் யூனிட். இதை என்ஜினியர் நாலு முறை சொல்லிக் கொடுத்தும் முதல் இரண்டு வருஷம் நம்மவர் எல்லாப் பத்திரிகைக் குறிப்பிலும் குழாயைக் குடம் என்றே எழுதினார். பத்திரிகைகளும் அப்படியே போட்டன. இப்போது தெளிந்துவிட்டார். நம் ஊர் வெயிலில் 100 மெகாவாட் வருஷத்துக்குச் சுமார் 15 கோடி யூனிட் தரும். அதை வீடாக மாற்ற வேண்டும். இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் ஓடும் வீடு என்று வைத்தால் 62,500 வீடு. 200 யூனிட் வீடு என்று வைத்தால் 1,25,000. நம்மவர் எந்த வீட்டைத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஏசி இல்லாத, கிரைண்டர் போடாத, எட்டு மணிக்கே படுத்துவிடுகிற அந்தப் புண்ணியவான்கள் வீடு ஒன்றேகால் லட்சத்தைத்தான் அவர் கம்பெனி ஒளிமயமாக்குகிறது. சூரியன் ஆறு மணிக்கு இறங்கிய பிறகு அந்த வீடுகளில் யார் விளக்கேற்றுகிறார்கள் என்று கேட்டால், "அது அடுத்த பிரஸ்மீட்டில்."

வீட்டுக்கு அடுத்தது மரம். மின்வாரியக் கம்பியில் ஓடும் ஒரு யூனிட்டுக்குப் பின்னால் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு இருப்பதாக மத்திய மின்சார ஆணையம் கணக்குத் தருகிறது. 15 கோடியை அதால் பெருக்கி, ஒரு மரம் வருஷத்துக்கு இருபது கிலோ உறிஞ்சும் என்று வகுத்தால் 52 லட்சம் மரங்கள் கிடைக்கும். குழி வெட்டாமல், தண்ணீர் ஊற்றாமல், ஆடு கடிக்காமல் ஒரே பத்தியில் 52 லட்சம் மரம் வளர்த்த மனிதர் இவர். சைட்டில் முதல் வேலையாகச் சீமைக் கருவேலத்தை ஜேசிபி வைத்துத் தள்ளினார்களே, அதைக் கழித்தாரா என்று நான் கேட்டதற்கு, "அது மரத்துல சேர்த்தியா சார்?" என்றார்.

அடைமொழியில்தான் மனிதருக்குச் சோதனை. 2016-இல் ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தபோது, ஒரே இடத்தில் அமைந்தவற்றில் உலகிலேயே பெரியது என்று சொல்ல முடிந்தது. பிறகு கர்நாடகத்துப் பாவகடாவும் ராஜஸ்தானத்துப் பட்லாவும் இரண்டாயிரத்தைத் தாண்டின. இப்போது குஜராத்தில் கவ்டாவில் முப்பதாயிரம் மெகாவாட்டுக்குத் திட்டம் போட்டு வேலை நடக்கிறது. நூறு மெகாவாட்டை வைத்துக்கொண்டு நம்மவர் என்ன செய்வார் பாவம். "தென்மாவட்டங்களில், தனியார் துறையில், கரிசல் மண்ணில் அமைந்த முதல்" என்று எழுதிப் பார்த்தார். அதற்கும் ஒரு போட்டிக் கம்பெனி மறுப்பு அனுப்பியதும், "கரிசலும் செம்மண்ணும் கலந்த" என்று திருத்தினார்.

போதாக்குறைக்கு 2024 பிப்ரவரியில் விளம்பரத் தர நிர்ணய கவுன்சில் விதி கொண்டுவந்தது. அக்டோபரில் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இன்னொன்று. பசுமை, தூய்மை என்று மொட்டையாகச் சொல்லக் கூடாது, ஆதாரம் காட்ட வேண்டும். அன்றிலிருந்து இவர் எழுதும் ஒவ்வொரு வாக்கியத்தையும் லீகல் டிபார்ட்மென்ட் பார்க்கிறது. 'நூறு சதவீதப் பசுமை' என்று போனது, 'பெருமளவு ஒப்பீட்டளவில் பசுமை' என்று திரும்பி வந்தது.

படங்கள் தனிக் கதை. நம் ஊர்க் காற்றாலைக்குப் பக்கத்தில் பனைமரம் நிற்கும். இவர் வெளியிடும் படத்தில் டென்மார்க் மாடு மேயும். பல்புக்குள் இலை, உள்ளங்கையில் நாற்று, பட்டம் விடும் வெள்ளைக்காரக் குழந்தை. ஏன் என்று கேட்டால், "பனைமரம் இருந்தா இன்வெஸ்டருக்கு வறட்சின்னு தோணும்" என்பது பதில்.

ஜூன் மாதம் வந்தால் இவர் வீட்டில் தூங்குவதில்லை. ஐந்தாம் தேதி சுற்றுச்சூழல் தினம். பதினைந்தாம் தேதி உலகக் காற்று தினம். அதே சமயம் காத்தாடி சீசன் உச்சம். போன ஜூனில் கயத்தாறுப் பக்கம் ஒரு பள்ளி மைதானத்தில் விழா வைத்தார். காற்று தினத்துக்குக் கட்டிய ஃப்ளெக்ஸைக் காற்று கிழித்துக்கொண்டு போய்க் கண்மாயில் போட்டது. சேர்மன் படம் மட்டும் கம்பில் மாட்டி அடித்துக்கொண்டிருந்தது. நம்மவர் 2070-இல் இந்தியா அடையப்போகும் நிகர பூஜ்ஜியத்தைப் பற்றி இருபது நிமிஷம் பேசினார். முடிந்ததும், முன்வரிசையில் துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டியிருந்த பெரியவர் எழுந்தார்.

"ஏ தம்பி, காத்தாடி வந்த பொறவு மழையே இல்லையே. மேகத்த வெரட்டுதாம்லா?"

நம்மவரிடம் கேள்வி-பதில் கோப்பு உண்டு. பன்னாட்டு நிதி, கார்பன் கிரெடிட், பாலின சமத்துவம் எல்லாவற்றுக்கும் விடை உண்டு. மேகத்துக்கு இல்லை. "நல்ல கேள்வி ஐயா" என்றார். இவர் நல்ல கேள்வி என்றால் பதில் இல்லை என்று அர்த்தம்.

பக்கத்தில் நின்ற பெண் மைக்கை வாங்கினாள். விஸ்காம் முடித்துவிட்டு டிரெய்னியாகச் சேர்ந்தவள், கோவில்பட்டிக்காரி. "தாத்தா, காத்தாடி வர்றதுக்கு முன்னால மட்டும் ஆடிக்காத்துல நமக்கு மழை பெஞ்சிச்சா? மேகமெல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவுல கொட்டிட்டு வெறுங்கையோட வர்ற காத்துல்லா இது. நமக்கு எப்பவும் ஐப்பசி, கார்த்திகைதான."

பெரியவர் யோசித்தார். "அது செரிதான். ஆனா காத்தாடி எங்க காட்டுல சுத்துது, எங்க வீட்டு ஃபேன் சுத்த மாட்டேங்கே, அது ஏன்?"

கூட்டம் சிரித்தது. நம்மவர் அவளுக்குக் கண்ணைக் காட்டினார், அவள் பார்க்கவில்லை. "காத்தாடியில 690 வோல்ட்ல வர்ற கரண்ட அடியிலயே 33,000 வோல்ட்டா ஏத்தி நேரா சப்ஸ்டேஷனுக்குக் கொண்டு போயிருவாங்க தாத்தா. உங்க தெருவுக்கு வர்றது வேற லைன். சாயங்காலம் எல்லாரும் மோட்டாரும் டிவியும் போட்டா டிரான்ஸ்பார்மர் தாங்கல. பெரிய டிரான்ஸ்பார்மர் கேட்டு மனு குடுக்கணும்."

"அப்போ எழுதிக் குடு தாயி."

மேடை ஓரத்திலேயே உட்கார்ந்து, மரக்கன்று வழங்கும் பட்டியலின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தாள். நாற்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள். யாரோ ஒரு பையன் இதைப் போனில் எடுத்துப் போட்டுவிட, இரண்டு நாளில் மாவட்டம் முழுக்கப் பார்த்துவிட்டது. நாலு மாதம் பாடுபட்டு டிரோனில் எடுத்த கம்பெனிப் படத்தைப் பார்த்தவர்கள், கம்பெனி ஊழியர்கள், அவர்களும் ஹெச்.ஆர். சொன்னதால் பார்த்தவர்கள்.

இன்னொருவராக இருந்தால் கோபித்துக்கொண்டிருப்பார். நம்மவர் அந்த வகையில்லை, அதனால்தான் இந்த உயரத்தில் இருக்கிறார். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, 'மண்ணின் குரலில் நம்பகத் தொடர்பு' என்று முப்பத்திரண்டு ஸ்லைடு தயார். முதல் ஸ்லைடில் பெரியவரின் துண்டு. ஒரு விருதுக்கும் விண்ணப்பம் போய்விட்டது. அதில் அந்தப் பெண்ணின் பெயர், உதவியவர்கள் என்ற தலைப்பில், கேமராக்காரருக்கும் டிரைவருக்கும் நடுவில் இருக்கிறது. அவளிடம் தனியாக, "வாம்மா, இந்த ஃபீல்டுல மேல வரணும்னா முதல்ல எதைச் சொல்லக் கூடாதுன்னு கத்துக்கணும்" என்று அறிவுரையும் சொன்னாராம். அவள் டிரான்ஸ்பார்மர் மனுவின் பதிவு எண்ணை வைத்துக்கொண்டு மின்வாரிய அலுவலகத்துக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தாளாம்.

அடுத்த ஜூனுக்குத் திட்டம் பெரியது. சேர்மனே ஊருக்கு வந்து, கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, தன் கையால் மனு எழுதித் தருவார். ஸ்கிரிப்டை அனுப்பினார் நம்மவர். சேர்மன் அலுவலகத்திலிருந்து ஒரே ஒரு திருத்தம் வந்தது: சேர்மனுக்குத் தமிழ் எழுத வராது.

நம்மவர் அசரவில்லை. "மனுவை நாம டைப் பண்ணிடலாம். சார் பேனாவை மட்டும் திறக்கட்டும்; குளோசப்ல எடுத்துக்கலாம்" என்று பதில் போட்டுவிட்டு, கயிற்றுக் கட்டில் வாடகைக்குக் கிடைக்குமா என்று எனக்குப் போன் செய்தார்.