தானே ஒட்டும் ரப்பர்

கேள்வி: என் அண்ணன் மகள் வேதியியலில் பிஎச்.டி. செய்கிறாள். 'தானாகவே கூடி உருவெடுக்கும் மென்மையான பொருட்கள்' பற்றிய ஆராய்ச்சியாம். தானாகவே கூடிக்கொண்டால், அங்கே இவளுக்கு என்ன வேலை?
- ஒரு வாசகி, கரூர்

பதில்: நியாயமான சந்தேகம்தான். கூடுவது மூலக்கூறுகளின் வேலை. எது எதோடு, எந்த இடத்தில், எவ்வளவு இறுக்கமாகக் கூட வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானித்து அவற்றைத் தயாரிப்பது உங்கள் அண்ணன் மகளின் வேலை. சோப்பு மூலக்கூறுகள் தண்ணீரில் யாரையும் கேட்காமலே கூடிக்கொள்கின்றன. தண்ணீர் பிடிக்காத வாலை உள்ளே ஒளித்து, பிடித்த தலையை வெளியே நீட்டி, உருண்டையாகத் திரண்டுவிடும்.

மனிதர்கள் திட்டமிட்டுக் கூட வைத்ததற்கு ஓர் உதாரணம்: 2008-இல் பாரிஸில் ஆராய்ச்சியாளர் லுட்விக் லீப்லர் குழுவினர் இப்படி ஒரு ரப்பர் செய்து காட்டினார்கள். மூலப்பொருள் தாவர எண்ணெயின் கொழுப்பு அமிலமும் யூரியாவும். (ஆமாம், வயலுக்குப் போடுகிற அதே யூரியா!) மூலக்கூறுகளைப் பிடித்து வைத்திருப்பவை பலவீனமான ஹைட்ரஜன் பிணைப்புகள். கத்தியால் வெட்டி, வெட்டுவாய்களைச் சேர்த்து அழுத்தினால், பசையில்லாமல், சூடில்லாமல் ஒட்டிக்கொள்ளும். மறுபடி பல மடங்கு இழுக்கலாம். ஆனால் சீக்கிரம் சேர்க்க வேண்டும். நாள் கடத்தினால் அறுந்த பிணைப்புகள் அந்தந்தத் துண்டுக்குள்ளேயே ஜோடி தேடிக்கொள்ளும். அப்புறம் சரியாக ஒட்டாது. முறைத்துக்கொண்ட சம்பந்திகளும் அப்படித்தான் என்று எழுத ஆசை. என் சம்பந்தியும் இந்தப் பகுதியைப் படிக்கிறார்.