முங்காம முத்தெடுக்க வழி

ஏலே, வா, இப்பிடி உக்காரு. ஸ்பெயினுக்குப் போறியாமே. சலமாங்காவாம். பேரைச் சொன்னாலே செம்பு உருளுத மாதிரி இருக்கு. 1218-ல ஆரம்பிச்ச பல்கலைக்கழகம்னு உங்க அம்மா தெரு முச்சூடும் சொல்லிட்டு வாரா. கேக்கவன் அவதான் அடிக்கல் நாட்டினான்னு நெனச்சுக்கிடுவான். நாலு மாசம் ஸ்பானிஷ் பாஷையிலேயே முங்கிக் கெடக்கணுமாம், அதுக்குப் பேரு இம்மெர்ஷனாம். முங்கிக் காசு சம்பாதிச்ச வம்சம்ல நாம! காசு குடுத்து முங்கப் போற மொத ஆளு நீதான். அதுவும் கடலே இல்லாத ஊருக்கு.

சரி, போறது போற, நனையாம திரும்பி வர வழி சொல்லுதேன், கேட்டுக்க.

எறங்கின அன்னைக்கே நம்ம ஆளு எங்கன இருக்கான்னு தேடு. தமிழன் இல்லாத ஊரு உண்டா? நாலு பேராச் சேந்து ஒரு வீடு எடு. ஸ்பானியக்காரி வீட்டுல தங்குனா அந்தம்மா சாப்பாட்டு மேசையில கேள்வி கேக்கும், நீ பதில் சொல்ல வேண்டியதாப் போவும், வாய்க்குள்ள பாஷை பூந்துரும். அந்த வம்பு எதுக்கு? ரெண்டு கிலோ சாம்பார் பொடி எடுத்துக்க. கடைக்குப் போனா போனை நீட்டு, அது பேசும். வகுப்புல வாத்தியார் என்ன கேட்டாலும் இங்கிலீஷ்ல சிரி. ராத்திரி அம்மாகிட்ட வீடியோவுல ரெண்டு மணி நேரம் பேசு.

நான் சங்குகுளிக்கப் போன மொத நாளு காதுக்குள்ள ஆணி அடிச்ச மாதிரி இருந்துச்சு. கயிறு பிடிச்சவன் எங்க அக்கா மாப்பிள. மச்சான்தான் கயிறு பிடிக்கணும்னு சொல்லுவாவ, பொண்டாட்டியோட தம்பியைச் சாக விட்டுட்டு அவன் வீட்டுக்குள்ள கால் வைக்க முடியுமா? நான் பயத்துல ரெண்டு தடவ கயித்தை இழுத்தேன், ரெண்டு தடவையும் தூக்கிட்டாவ. மூணாந்தடவை இழுத்தேன், அந்த ஆளு தூக்கல. வேணும்னே தூக்கல. அப்பதான் கண்ணைத் தொறந்து தரையைப் பார்த்தேன். சங்கு கெடக்கு, ஒரு மூணு முழம் தள்ளி. மேல வந்து அவரைக் கெட்ட வார்த்தையில ஏசினேன். அவரு பீடியைப் பத்தவச்சுக்கிட்டு சங்கை மட்டும் பார்த்தாரு. உங்க அம்மா நல்லவ, நீ தும்முனாலே கயித்தை இழுத்துருவா. அதனால உனக்கு ஆபத்து இல்ல. சங்கும் இல்ல.

முத்துச் சலாபம் நான் பொடியனா இருக்கையிலேயே, 1961-ஓட, முடிஞ்சு போச்சு. ஆனா இந்தக் கரையில முங்கின ஆளுங்க முத்துக்கு மட்டும் முங்கல. நம்ம பாஷைக்குள்ள முங்கினவங்களும் உண்டு. அதுல ஒருத்தர் நீ போற தேசத்துல இருந்துதான் வந்தாரு. சவேரியார். நவார் சீமை, கோட்டை வீட்டுப் பிள்ளை, பாரிஸ்ல படிச்சவரு. 1542-ல இங்கன வந்து எறங்கினப்ப அவரு நெலமை என்னன்னு தெரியுமா? இவங்க பேசுறது எனக்குப் புரியல, நான் பேசுறது இவங்களுக்குப் புரியல, அவங்க தாய்மொழி மலபார், என் தாய்மொழி பாஸ்க்னு அவரே எழுதி வச்சிருக்காரு. மலபார்னு அவரு சொன்னது நம்ம தமிழைத்தான். பாரிஸ் படிப்பெல்லாம் மணப்பாட்டு மணல்ல கால் பொதஞ்ச மாதிரி ஆயிட்டு.

ரெண்டு பாஷையும் தெரிஞ்ச ஆளுங்களைக் கூட்டி உக்கார வச்சு, நாள்கணக்கா மல்லுக்கட்டி, செபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் பண்ணினாரு. அப்புறம் கையில மணியை எடுத்து ஆட்டிக்கிட்டு தெருத்தெருவாப் போய் பிள்ளைகளைக் கூட்டினாரு. இப்ப கூத்தைக் கேளு. விசுவாசப் பிரமாணத்துல "விசுவசிக்கிறேன்"னு வரவேண்டிய எடத்துல "எனக்கு வேணும்"னு போட்டு வச்சிருந்தாவ. கரை முழுக்க சனம் கையைக் கூப்பிக்கிட்டு, சர்வேசுரன் எனக்கு வேணும், எனக்கு வேணும்னு மீன் ஏலத்துல நிக்க மாதிரி சொல்லிட்டு இருந்திருக்கு! 1544-ல அவரே கண்டுபிடிச்சு, கூட இருந்த மான்சிலாஸுக்குக் கடுதாசி எழுதினாரு, "வேணும்"னு சொல்லாத, "விசுவாசம்"னு சொல்லுன்னு. புனிதருக்கே அந்தக் கதின்னா உன் கதி என்னன்னு யோசி. பிழை விட வெக்கப்படாத. அவரு விட்ட பிழையைக் கோயில்ல வச்சுப் பாடியே இருக்கோம்.

சவேரியாரு ரெண்டு வருசத்துல அடுத்த ஊரு பார்க்கக் கெளம்பிட்டாரு. நெசமா முங்கினது அவருக்குப் பின்னால வந்த என்றீக்கஸ் சாமியாரு. அண்டிரிக் அடிகளார்னு தமிழ்க்காரங்க சொல்லுவாவ. போர்த்துக்கல்காரர். 1547-ல இந்தக் கரைக்கு வந்தவரு என்ன பண்ணினாரு தெரியுமா? கூட இருக்க சாமியாருங்க தங்களுக்குள்ளேயும் தமிழ்லதான் பேசணும், போர்த்துக்கீசிய வார்த்தை வாயில வந்தா தண்டனைன்னு சட்டம் போட்டாரு. ரெண்டு போர்த்துக்கல்காரங்க புன்னைக்காயல் வெயில்ல உக்காந்து, உப்பு பத்தலன்னு திக்கித் திக்கித் தமிழ்ல சொல்லுததை நெனச்சுப் பாரு. உன் இம்மெர்ஷன் அதுதான்ல, அவரு காசு வாங்காம நடத்தினாரு. அவரு தமிழுக்கு இலக்கணம் எழுதினாரு. அவரு தமிழ்ப்படுத்தின "தம்பிரான் வணக்கம்" 1578-ல கொல்லத்துல அச்சேறிச்சு, இந்திய எழுத்துல இந்தியாவுல அச்சான மொத புஸ்தகம். 1600-ல இந்தக் கரையிலேயே கண்ணை மூடினாரு. அம்பத்திமூணு வருசம்! நீ நாலு மாசத்துல சர்ட்டிபிகேட்டோட வந்துருவ. கெட்டிக்காரன்.

இனி பாஷை. இங்கிலீஷ் வழியாப் போகாத, அது மதுரை வழியாத் திருச்செந்தூர் போற கதை. "ஐ லைக்"னு படிச்சவனுக்கு "மே குஸ்தா" தலைகீழாத் தெரியும். நமக்கு என்ன கஷ்டம்? எனக்குப் பிடிக்கும், அம்புட்டுதான். எனக்கு-தான் அந்த "மே". பேசுதேன், பேசுத, பேசுதான்னா நாம "நான், நீ, அவன்" போடுதோமா? வாலைப் பார்த்தே ஆளைச் சொல்லிருவோம். அவனும் ஆப்லோ, ஆப்லாஸ், ஆப்லான்னு வாலை வச்சே பேசுதான். ர, ற வித்தியாசம் மட்டும் பார்த்துக்க. "பெரோ"ன்னா ஆனா. "பெறோ"ன்னா நாய். ஆனா-ன்னு ஆரம்பிச்சு வாத்தியாரை நாயாக்கிராத.

நீ-ன்னு சொல்லுததுக்கு அங்கன "தூ". நீங்க-ன்னா "உஸ்தேத்". ஆனா இப்பெல்லாம் சின்னவன் பெரியவன் பார்க்காம எல்லாரும் எல்லாரையும் தூங்குதாவளாம். மத்தியானம் சாப்பிட்டுட்டு ரெண்டு வகையிலேயும் தூங்குதாவ. திரும்பி வந்து என்னைப் பார்த்து அப்பிடிச் சொன்னின்னா கம்பு இருக்கு.

வீட்டுச் சாமானுக்குப் பயப்படாத. மேசைன்னா மேசா, அலமாரின்னா அர்மாரியோ, துவாலைன்னா தோவாயா. ஆனா ஜன்னலும் சாவியும் போர்த்துக்கல்காரன் குடுத்த வார்த்தை, அங்கன செல்லாது. ஆக, மேசையில உக்காரலாம், துவட்டிக்கிடலாம், வெளிய மட்டும் போக முடியாது. உன் பாஸ்போர்ட்டுல வேற பர்னாந்துன்னு இருக்கு. நம்ம தெருவுல கல்லை விட்டா பர்னாந்து மேலதான் விழும். அங்கன அது வீட்டுல கூப்பிடுத பேரு. அதைப் பார்த்ததும் நம்ம பயதான்னு அவன் மடமடன்னு ஸ்பானிஷ்ல கொட்டப்போறான். அப்ப முழி, நல்லா முழி.

அந்த ஊருப் பாலத்துல ஒரு கல்லுக் காளை நிக்காமே, நீதான அன்னைக்கு வாசிச்சுக் காமிச்ச. 1554-ல வந்த லாசரியோ கதை. குருட்டுக் கெழவன், "காளை வயித்துல சத்தம் கேக்கு, காதை வச்சுப் பாரு"ன்னு சொல்லி, பையன் காதை வச்சதும் மண்டையைப் பிடிச்சுக் கல்லுல மோதினான் பாரு. சலமாங்காவுல மொத பாடமே அதுதான். பாலத்துக்குப் போனா போட்டோ எடு, காதை வைக்காத. பக்கத்துல என்னை மாதிரிக் கெழவன் நின்னா இன்னும் ரெண்டடி தள்ளியே நில்லு.

கடைசியா ஒண்ணு. வயசைச் சொல்லும்போது மட்டும் சாக்கிரதை. அவன் "எனக்கு இருபது வருசம் இருக்கு"ன்னுதான் சொல்லுவான். வருசத்துக்கு "ஆஞோ". நம்ம ஞ-தான், எழுத்து மேல சின்ன அலை போட்டிருக்கும். அந்த அலையை முழுங்கிட்டு "ஆனோ"ன்னு சொன்னின்னா, உக்காருத எடத்துல இருக்க ஓட்டையைச் சொன்னதா ஆயிரும். அதுவும் இருபது! எங்கே, சொல்லு பாப்போம். தெங்கோ பெய்ந்தே...

ஏலே! ஞ-ல, ஞ! மெதுவா, உங்க ஆச்சி அடுக்களையிலதான் இருக்கா.