மூடியுள்ள பெட்டிக்கு ஒரு வாழ்த்துரை

ஆக்கவுரிமைப் பரிசோதகர்களை இந்த உலகம் போதியளவு கொண்டாடவில்லை. எவர் எவருக்கோ பொன்னாடை போர்த்துகிறோம். ட்ரோன் வந்து இறங்கிச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் பெட்டி ஒன்று புதிதா பழசா என்று கண் சிவக்க ஆராய்ந்து தீர்ப்பெழுதும் பெருமக்களுக்கு ஒரு கதம்ப மாலைகூட விழுவதில்லை. அந்தக் கடனை இன்று தீர்த்துவிடுகிறேன்.

முதலில் பெட்டியைப் பற்றி நாலு வார்த்தை. ட்ரோனின் பற்றரி அரை மணித்தியாலம், மிஞ்சினால் முக்கால் மணித்தியாலம் தாங்கும். ஒவ்வொரு தடவையும் ஆள் ஓடிப்போய் பற்றரி மாற்ற முடியாது என்பதால் பெட்டி வந்தது. ட்ரோன் நெருங்கும்போது மூடி திறக்கிறது. தளத்தில் அச்சிட்டிருக்கும் கறுப்பு வெள்ளைச் சதுரங்களைக் கமராவால் பார்த்துப் பார்த்து ட்ரோன் இறங்குகிறது. காற்று ஒரு பக்கம் தள்ளியிருந்தால், சில பெட்டிகளில் இரு ஓரங்களிலிருந்தும் தண்டுகள் வந்து அதை நடுவுக்கு நகர்த்துகின்றன. அவற்றில் உலோகத் தொடுமுனைகள் சேர, மூடி மூட, சார்ஜ் ஏறுகிறது. சீனாவின் டிஜேஐ 2024 இல் வெளியிட்ட இரண்டாம் பெட்டி 34 கிலோ. 20 வீதத்திலிருந்து 90 வீதத்துக்கு ஏற்ற அரை மணித்தியாலமளவில் போதும். செய்தவர்களின் கெட்டித்தனத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் செய்தவர்களை எவரும் பாராட்டுவார்கள். நான் பாராட்ட வந்தது அதற்கு ஆக்கவுரிமை விண்ணப்பம் எழுதியவர்களையும், எழுதியதை ஏற்றுக்கொண்டவர்களையும்.

பெட்டி என்று எழுதினால் எவனும் சிரிப்பான். "ஆளில்லா வானூர்தி ஒன்றை ஏற்கும் வண்ணம் அமைந்த, குறைந்தது ஓர் உட்குழிவைக் கொண்ட உறையுறுப்பு" என்று எழுதினால் எவனும் சிரிக்கமாட்டான். வாசித்து முடிப்பதற்குள் சிரிப்பு போய்விடும். மூடி, "திறந்த நிலைக்கும் மூடிய நிலைக்கும் இடையே அசையத்தக்க மறைப்புறுப்பு". அந்தக் "குறைந்தது ஓர்" என்பதில்தான் எவ்வளவு அடக்கம்! ஒன்றுக்கு மேல் ஆசைப்படாததுபோல் தொடங்கி, உலகில் உள்ள எல்லாக் குழிகளையும் அள்ளிக்கொள்ளும் அடக்கம்.

இதை எதிர்கொள்ளும் பரிசோதகரின் ஆற்றலோ அசாத்தியம். அமெரிக்காவில் ஒரு விண்ணப்பத்துக்கு அவருக்குக் கிடைப்பது சராசரியாக 19 மணித்தியாலம் என்று கணக்குப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அதற்குள் விண்ணப்பத்தை வாசித்து, மனிதகுலம் இதுவரை எழுதிவைத்ததைத் தேடி, சட்டத்தரணியோடு மல்லுக்கட்டி, முடிவும் எழுதவேண்டும். நம்மில் பலர் ஒரு காணி உறுதியை வாசிக்கவே அதைவிடக் கூட நேரம் எடுப்போம். முன்பு அவருக்குச் சிரமம் இன்னும் அதிகம்: ட்ரோன்கள் மற்ற விமானங்களோடு ஒண்டுக்குடித்தனம் இருந்தன. 2023 இல் சர்வதேச வகைப்படுத்தலில் அவற்றுக்கென்றே பி64யு என்று தனி வீடு கொடுத்தார்கள். சார்ஜ் ஏற்றும் பகுதி இன்னும் பி60எல் என்ற முகவரியில் மின்சாரக் கார்களோடும் உறவு வைத்திருப்பதால், தேடுபவர் இரண்டு வாசலிலும் தட்டவேண்டும்.

அவருக்குத் துணையாகச் சட்டம் ஒரு கற்பனை மனிதரைத் தந்திருக்கிறது: துறைசார் திறனாளர். எல்லா மொழிகளிலும் வெளிவந்த எல்லா ஆவணங்களையும் இவர் வாசித்திருப்பார். ஆனால் கற்பனை என்பது மருந்துக்கும் கிடையாது. இவருக்கும் எட்டாதது எதுவோ அதுவே கண்டுபிடிப்பு. இந்த மனிதர் எங்கும் இல்லை என்கிறார்கள். நமது பல்கலைக்கழகங்கள் அவரை உருவாக்கப் பல வருடங்களாகப் பாடுபடுவதை அவர்கள் அறியவில்லை போலும்.

தேடல் அறிக்கையில் எழுத்துகள் இருக்கும். எக்ஸ் என்றால் இந்த ஒரு பழைய ஆவணமே உங்கள் உரிமைக்கோரிக்கையைக் கவிழ்க்கும். வை என்றால் இன்னொன்றோடு சேர்ந்து கவிழ்க்கும். ஏ என்றால் சும்மா பின்னணி. விளையாட்டு இப்படிப் போகும். மூடியுள்ள பெட்டி என்று கேட்கிறார்கள்: எக்ஸ். சறுக்கித் திறக்கும் மூடி: எக்ஸ். நடுவில் பிரிந்து இரு பக்கமும் சறுக்கும் மூடி: வை. மழையை உணர்ந்து தானாக மூடும், நடுவில் பிரிந்து சறுக்கும், விளிம்பில் இறப்பர் பதித்த மூடி என்று வரும்போது பரிசோதகர் யோசிக்கிறார். ஐந்தையும் ஒரே இடத்தில் எழுதிவைத்த ஆவணம் கிடைக்கவில்லை. தனித்தனியாக ஐந்தும் ஏதோவொரு குசினியிலோ, கராஜிலோ, பேருந்திலோ இருக்கின்றனதான். ஆனால் அவற்றைச் சேர்க்கத் திறனாளருக்குத் தூண்டுதல் என்ன என்று சட்டத்தரணி கேட்க, பத்தொன்பதாவது மணித்தியாலம் முடிகிறது. உரிமை வழங்கப்படுகிறது. விட்டுக்கொடுப்பதும் ஒரு பண்பாடுதானே.

இந்தப் பண்பாட்டின் சிகரத்தை அமேசான் 2016 ஜூலையில் தொட்டது. ட்ரோன் தங்கும் நிலையங்களுக்கு அமெரிக்காவில் ஆக்கவுரிமை கிடைத்தது. அவற்றை வைக்கத்தக்க இடங்களாகத் தெருவிளக்குக் கம்பம், தொலைபேசிக் கோபுரம், தேவாலயத்தின் கூர்ச்சிகரம் எல்லாம் அதில் சொல்லப்பட்டன. பாதிரியாரின் சம்மதம் பற்றிப் பரிசோதகர் கேட்கவில்லை. கேட்பது அவர் வேலையும் அல்ல. அமெரிக்க உரிமை கடல் தாண்டாது என்பதால் கொட்டாஞ்சேனை சாந்த லூசியாள் பேராலயத்தின் குவிமாடம் தப்பியது. அமேசானின் நிறுவனர் ஜெப் பெசோஸ் 2013 டிசம்பரில் தொலைக்காட்சியில் தோன்றி நாலைந்து வருடத்தில் ட்ரோன் வீட்டு வாசலுக்கு வரும் என்றார். அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கு அது 2022 டிசம்பரில், கலிபோர்னியாவிலும் டெக்சாசிலும் இரண்டு ஊர்களில் தொடங்கியது. களஞ்சியத்திலிருந்து புறப்பட்டு, பொதியைப் போட்டுவிட்டு, அதே களஞ்சியத்துக்கு. சிகரம் எதிலும் இளைப்பாறவில்லை. கட்டாத வீட்டுக்கு முதலில் மதில் எழுப்பும் தீர்க்கதரிசனம் எல்லோருக்கும் வாய்க்காது. 2018 இல் ஐபிஎம்முக்கு வழங்கியதையும் மறக்கக்கூடாது: ஆள் அசந்திருப்பதை உணர்ந்து ட்ரோனில் கோப்பி கொண்டுவரும் முறை. கோப்பியில் சீனி காணுமா என்பது வேறு விண்ணப்பம்.

எங்கள் இலங்கை மட்டும் குறைந்ததா? 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் விண்ணப்பதாரரை நம்புகிறது. சர்வதேசத் தேடல் அறிக்கையை அவரே கொண்டுவரலாம்; இல்லாவிட்டால் உள்ளூர்ப் பரிசோதகரிடம் அனுப்பும்படி கேட்கலாம். மாணவனே விடைத்தாளைத் திருத்துவித்துக் கொண்டுவரட்டும் என்று சொல்லும் ஆசிரியரின் பெருந்தன்மை வேறு எங்கே கிடைக்கும்?

கல்கிசையில் ஒரு பொடியன் மொட்டைமாடியில் இப்படி ஒரு பெட்டி செய்கிறான் என்று வைத்துக்கொள்வோம். காலி வீதிக்குக் கடற்கரைப் பக்கமாக உள்ள எந்த வீட்டிலும் யன்னல் கொளுக்கி எத்தனை வருடம் தாங்கும் என்று அவனுக்குத் தெரியும். செம்புத் தொடுமுனையில் பச்சை பிடிக்கும். பச்சை பிடித்தால் சார்ஜ் ஏறாது. ஆகவே ட்ரோன் இறங்கும் ஒவ்வொரு முறையும் தொடுமுனைகள் ஒன்றையொன்று உரசித் துடைத்துக்கொள்ளும்படி வளைக்கிறான். அடுத்தது காகம். மூடி திறந்த மறுகணம் உள்ளே குந்தும் கொழும்புக் காகம் எந்த வெளிநாட்டு உரிமைக்கோரிக்கையிலும் என் கண்ணில் படவில்லை. அவன் அதற்கும் ஒரு வழி செய்கிறான், பெருமையில் முகநூலில் காணொளியும் போடுகிறான். அங்கேதான் சட்டம் தன் கருணையைக் காட்டுகிறது: விண்ணப்பதாரரே வெளியிட்டதை இலங்கைச் சட்டம் ஒரு வருடம் பொறுக்கும், ஐரோப்பாவில் அந்தக் காணொளியே அவனுக்கு எக்ஸ். மறைப்புறுப்பு என்று எழுதத் தெரிந்த ஆளைப் பிடிக்க அவனிடம் காசு இல்லை. அது முறைமையின் குறை அல்ல, காசில்லாதவனின் குறை.

எப்படியோ கிடைத்துவிட்டால் உரிமை விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம். டிஜேஐயின் பெட்டி 2022, 2024, 2025 என்று மூன்று வருடத்தில் மூன்று தலைமுறை கண்டது என்பதைப் பார்க்கும்போது, 20 வருடம் என்பது தாராளம். வருடாந்தக் கட்டணத்தை மட்டும் ஒழுங்காகக் கட்டிவரவேண்டும்.

ஆக்கவுரிமை கையில் இருந்தால் செய்யலாம் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் அவ்வளவு மலிவானது அல்ல. அது தருவது மற்றவன் செய்வதைத் தடுக்கும் உரிமை மட்டும். கல்கிசைக்குப் பக்கத்திலேயே இரத்மலானை விமான நிலையம். அங்கே ட்ரோன் எழுப்பச் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் அனுமதி வேண்டும். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பின் நாடு முழுவதும் கொஞ்சக் காலம் அனுமதியே நிறுத்தப்பட்டிருந்ததும் நினைவிருக்கும். அனுமதி வரும்வரை பொடியனின் ட்ரோன் பெட்டிக்குள் இருக்கும், முழுச் சார்ஜோடு. அந்த இடைவெளியில், தானே செய்ய முடியாத ஒன்றைப் பக்கத்து வீட்டுக்காரனும் செய்துவிடாதபடி அவன் நீதிமன்றம்வரை போய்த் தடுக்கலாம். முத்திரை குத்திய பத்திரத்தில், 20 வருடத்துக்கு.