சிங்கப்பூர் மேட்டில் இருக்கிறது

செங்கல்பட்டுக்காரர்களுக்குச் சிங்கப்பூர் பக்கம்; மீனம்பாக்கம்தான் தூரம். சென்னையிலிருந்து சிங்கப்பூர் சுமார் 2,900 கிலோமீட்டர், விமானத்தில் நாலு மணி நேரம். எங்கள் ஊரிலிருந்து விமான நிலையம் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். அதற்கு எவ்வளவு நேரமாகும் என்று கேட்டுப் பாருங்கள், யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். "என்னைக்கு?" என்று திருப்பிக் கேட்பார்கள்.

நியாயமான கேள்விதான். பொங்கல் முடிந்து தென்மாவட்டமே சென்னைக்குத் திரும்புகிற ஞாயிற்றுக்கிழமை என்றால், பரனூர் சுங்கச்சாவடியிலேயே பாதி உயிர் போய்விடும். மீதியைச் சிங்கப்பெருமாள் கோயில், கூடுவாஞ்சேரி, கிளாம்பாக்கம், பெருங்களத்தூர் எல்லாம் பங்கு போட்டுக்கொள்ளும். பேசாமல் மின்சார ரயிலில் ஏறினால் விமான நிலையத்துக்கு நேர் எதிரே, திரிசூலத்தில் இறங்கிக்கொள்ளலாம். ஆனால் வெளிநாடு போகிறவள் லோக்கல் ரயிலில் போனாள் என்று தெரிந்தால் சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்கள்? ஆகவே வேன். பறக்கப் போவது என் தங்கை ஒருத்தி. வேன் நிறைய வழியனுப்புகிறவர்கள்.

அவள் கிளம்பும்போதெல்லாம் மாமல்லபுரத்து மாமாவிடமிருந்து போன் வரும். "ஜிஎஸ்டி ரோடு வேணாம் மாப்ள. திருக்கழுக்குன்றம் வழியா இங்க வந்துட்டு ஈசிஆரைப் பிடி." 40 கிலோமீட்டரை 80 ஆக்குகிற யோசனை. ஏன் மாமா என்றால், விமானமே வரைபடத்தில் வளைந்துதானே போகிறது என்பார். பூமி உருண்டை, அதன் மேல் அந்த வளைவுதான் குறுக்குவழி. மாமாவின் வளைவில் அத்தை பொரிக்கும் வஞ்சிரத்தைத் தவிர வேறு லாபம் கிடையாது. 2019 அக்டோபர் 11-ஆம் தேதி சீன அதிபர் ஷி ஜின்பிங் சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்குக் காரில்தான் போனார். கிலோமீட்டருக்கும் நிமிடத்துக்கும் அன்றைக்குத்தான் சமாதானம் ஆகியிருக்கும். நமக்கு யார் போக்குவரத்தை நிறுத்துவார்கள்?

பெரியப்பாவின் ஆராய்ச்சி வேறு வகை. கூட்டுறவு வங்கியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். டிக்கெட்டை வாங்கிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார். போகும்போது இரவு 11.15-க்கு ஏறினால் காலை 5.45-க்கு இறங்கலாம். வரும்போது காலை 9 மணிக்கு ஏறி 10.30-க்கே இறங்கலாம்.

"சிங்கப்பூரு மேட்டுல இருக்குடா. போறப்ப ஏத்தம், வர்றப்ப இறக்கம்."

காற்று என்று சொல்லியிருந்தால் கொஞ்சமாவது ஒத்துக்கொண்டிருப்பேன். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கிற வேகக் காற்றால், சென்னையிலிருந்து லண்டன் போக ஆகிற நேரத்தைவிட அங்கிருந்து திரும்பி வரும் நேரம் பொதுவாகக் குறைவுதான். ஆனால் மேடு? அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது என்று விளக்கினேன்.

"அப்ப போறப்ப நம்மகிட்டேருந்து ரெண்டரை மணி நேரத்தைப் பிடிச்சுக்கிறான்?"

"வர்றப்ப திருப்பிக் கொடுத்துடுறாங்க, பெரியப்பா."

"பாப்பா ரெண்டு வருசம் கழிச்சுத்தானே வர்றா? அதுக்கு வட்டி?"