சிறு பிக்கப் தேர்வியல்

சிறு பிக்கப் எனப்படுவது முன்பக்கம் ஐந்து பேர் உட்காரவும், பின்பக்கம் திறந்த தொட்டியில் சாமான் ஏற்றவும் வசதியுள்ள, அமெரிக்கக் கணக்கில் சிறியதான வண்டி. அமெரிக்கக் கணக்கு என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இவ்வகையில் அதிகம் பேசப்படும் ஃபோர்டு மேவரிக்கின் நீளம் 16 அடி 7 அங்குலத்துக்கும் மேல். இன்னோவா கிரிஸ்டாவைப் பக்கத்தில் நிறுத்தினால் இன்னோவாதான் ஓர் அடி குட்டை. ஆனால் வீட்டுக்கு வீடு எஃப்-150 என்னும் பெரிய பிக்கப் நிற்கும் டெக்சாஸ் தெருவில் மேவரிக்கைப் பார்ப்பவர்கள் "ஐயோ, எவ்வளவு குட்டி!" என்று கொஞ்சுகிறார்கள்.

2021-இல் இந்த வகையில் இரண்டு வண்டிகள் அறிமுகமாயின. ஒன்று மேவரிக், மற்றொன்று ஹூண்டாய் சான்டா குரூஸ். இரண்டிலும் எஞ்சின் இரண்டிரண்டு. ஆக மொத்தம் நான்கு. நான்கில் ஒன்றைப் பொறுக்குவது ஒரு மதிய வேலை என்று அனுபவமில்லாதவர்கள் நினைக்கக்கூடும். டாலஸ் புறநகரில் வசிக்கும் மைத்துனர் ஒருவர், இதை எழுதுபவரின் சாப்பாட்டு மேசையில் இந்த ஆராய்ச்சியைத் தொடங்கியபோது இருந்த ஜனாதிபதி இப்போது இல்லை. போன ஞாயிற்றுக்கிழமையும் வத்தக்குழம்பு ஆறி ஆடை கட்டும்வரை "அத்தான், நீங்களே ஒரு முடிவு சொல்லுங்க, டர்போவா ஹைப்ரிடா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். வாயால் சொன்னால் கேட்கிற ஆள் இல்லை. எனவே விடை இங்கே எழுத்தில் தரப்படுகிறது. எது வாங்கத் தக்கது என்பது உரிய இடத்தில் கூறப்படும்.

முதலில் வரலாறு. சிறு பிக்கப் அமெரிக்காவில் அருகிப்போனதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் முதன்மையானது கோழி.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கப் பண்ணைகளில் கோழி மலிந்தது. தின்றது போக மிஞ்சியது பனிக்கட்டியாக உறைந்து மேற்கு ஜெர்மனிக்குக் கப்பலேறியது. ஐரோப்பியப் பண்ணைக்காரர்கள் வயிற்றில் அடித்துக்கொள்ள, 1962-இல் ஐரோப்பியப் பொதுச் சந்தை வெளிநாட்டுக் கோழியின் மீது வரியை ஏற்றியது. பேசிப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. 1963 டிசம்பரில் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் பதிலடி கொடுத்தார். உருளைக்கிழங்கு ஸ்டார்ச், டெக்ஸ்ட்ரின், பிராந்தி, இலகுரக டிரக் ஆகிய நான்கின் மீதும் வரி விழுந்தது. டிரக்குக்கு 25 விழுக்காடு. குறி வைக்கப்பட்டவை ஜெர்மனியிலிருந்து வந்துகொண்டிருந்த வோக்ஸ்வாகன் வேன்களும் பிக்கப்களும். வோக்ஸ்வாகன் எந்தக் கோழியையும் தடுத்ததாகத் தெரியவில்லை. பிற்காலத்தில் ஸ்டார்ச்சுக்கு விடுதலை கிடைத்தது, டெக்ஸ்ட்ரினுக்குக் கிடைத்தது, பிராந்திக்கும் கிடைத்தது. டிரக் மட்டும் அறுபது ஆண்டுகளைத் தாண்டியும் கோழிக்காக வரி கட்டிக்கொண்டிருக்கிறது.

(இந்த இடத்தில்தான் மைத்துனர் "அத்தான், நான் வண்டியைப் பத்திக் கேட்டேன்" என்று குறுக்கிடுவது வழக்கம். அவருக்குப் பொறுமை கிடையாது. வண்டி வாங்குவதில் மட்டும்தான் உண்டு.)

வரி போட்டால் வழியும் பிறக்கும். தொட்டி இல்லாத டிரக்கை முழு டிரக்காகக் கருத முடியாது என்பதால் அதற்கு வரி சொற்பம் என்று கண்டுபிடிக்கப்பட்டது. உடனே ஜப்பானிலிருந்து தலையும் சட்டமுமாக வண்டிகள் வந்திறங்கின. தொட்டியை அமெரிக்க மண்ணில் பூட்டினார்கள். ஃபோர்டு கூரியர், செவ்ரலே லவ் ஆகியவை இப்படி வந்தவை. 1980-இல் இந்த வாசலும் சாத்தப்பட்டது. சுபாரு வேறு விதமாக யோசித்தது. பிராட் என்னும் தன் சின்னஞ்சிறு பிக்கப்பின் திறந்த தொட்டிக்குள், பின்னோக்கிப் பார்த்தபடி இரண்டு பிளாஸ்டிக் இருக்கைகளைப் பொருத்தி, பிடித்துக்கொள்ள ஆளுக்கு இரண்டு கைப்பிடியும் வைத்து, இது டிரக் அல்ல, பயணிகள் கார் என்று சுங்கத்தில் சொன்னது. சுங்கமும் தலையாட்டியது. காருக்கு வரி அப்போது 3 விழுக்காட்டைச் சுற்றித்தான். வெயிலிலும் மழையிலும் தொட்டியில் உட்கார்ந்து பின்னால் வரும் வண்டிக்காரனின் முகத்தை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டே போகலாம். ரொனால்டு ரீகன் தன் கலிஃபோர்னியா பண்ணையில் இப்படி ஒன்று வைத்திருந்தார்.

இவ்வரலாற்றின் உச்சம் ஃபோர்டின் டிரான்சிட் கனெக்ட். துருக்கியில் செய்து அமெரிக்காவில் விற்கப்பட்ட சரக்கு வேன் இது. சரக்கு வேன் என்றால் 25 விழுக்காடு. பயணிகள் வேன் என்றால் 2.5. ஆகவே ஒவ்வொரு வேனும் பின்னிருக்கை, பெல்ட், ஜன்னல் சகிதமாகப் பயணிகள் வேனாகக் கப்பலேறியது. சுங்கத்தைத் தாண்டியதும் பின்னிருக்கையைக் கழற்றி எறிந்துவிட்டுச் சரக்கு வேனாக்கி விற்றார்கள். ஒரு பயணியும் உட்காராத இருக்கைகள் அட்லாண்டிக்கைக் கடந்துவந்து குப்பைக்குப் போயின. வழக்கு நீதிமன்றம் ஏறி, 2019-இல் மேல்முறையீட்டிலும் கம்பெனி தோற்று, 2024-இல் 365 மில்லியன் டாலர் கட்டி விவகாரத்தை முடித்துக்கொண்டது. எல்லாம் ஒரு கோழிக்காக.

கோழியைப் பற்றி இன்னும் நிறைய இருக்கிறது. இடம் கருதி விடப்படுகிறது.

அந்நியச் சிறு டிரக்குகளை வரி வெளியிலேயே நிறுத்த, உள்ளூர் டிரக்குகள் போட்டியின்றிப் பருத்தன. சிறியதாக எஞ்சியிருந்த ஃபோர்டு ரேஞ்சரும் 2011-இல் அமெரிக்கச் சந்தையை விட்டுப் போனது; 2019-இல் திரும்பி வந்தபோது அதுவும் சதை போட்டிருந்தது. பத்தாண்டு இடைவெளிக்குப் பின் வந்த மேவரிக், மெக்சிகோவின் எர்மோசியோ நகரில் தயாராகிறது. சான்டா குரூஸ் அலபாமாவின் மான்ட்கமரியில். வட அமெரிக்க ஒப்பந்த எல்லைக்குள் செய்ததால் இரண்டையும் கோழி தொடவில்லை. இரு கம்பெனிகளும் சென்னைக்குத் தெரிந்தவைதான்: ஒன்று மறைமலைநகரில் இருந்தது, மற்றொன்று ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இருக்கிறது. மேவரிக் வெளிவந்த அதே 2021-இல்தான் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது.

அடுத்து எஞ்சின்கள். மேவரிக்கின் ஹைப்ரிட், 2.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்தது. எஞ்சின் அட்கின்சன் முறையில் ஓடுவது. காற்று உள்ளே வரும் வால்வு கொஞ்சம் தாமதமாக மூடுவதால், இழுத்த காற்றில் ஒரு பங்கு வந்த வழியே திரும்பிப் போகும். சக்தி குறையும், சிக்கனம் கூடும். அந்தக் குறையை மோட்டார் நிரப்பும். பிரேக் அடிக்கும்போது வீணாகும் வேகம் மின்சாரமாகி, 1.1 கிலோவாட்-மணி அளவுள்ள சிறிய பேட்டரிக்குப் போய்ச் சேரும். பிளக்கில் செருக வேண்டியதில்லை. இதை எத்தனை தடவை சொன்னாலும் யாராவது ஒரு மாமா "கரண்ட் போச்சுன்னா என்ன பண்ணுவே?" என்று கேட்கத்தான் செய்வார். சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகும் ஊருக்குள் காலனுக்கு 42 மைல், நெடுஞ்சாலையில் 33, இரண்டும் கலந்து 37 என்பது முதலில் வந்த ஹைப்ரிடுக்கு அரசு மதிப்பீடு. லிட்டருக்குச் சுமார் 16 கிலோமீட்டர். கூட்டுச் சக்தி 191 குதிரை. ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தால் வண்டி பாய்வதற்கு முன் சத்தம் பாய்ந்துவிடும். மிக்ஸியில் இட்லிப்பொடி திரிப்பதைப் போல ஒரே சுருதியில் இரையும்.

டர்போ வேறு சாதி. புகைக்குழாயில் வீணாகப் போகும் சூடான வாயு ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது; அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கிறது. நிமிடத்துக்கு லட்சம் சுற்றைத் தாண்டும் வேகம். காற்று அதிகம் என்றால் பெட்ரோலும் அதிகம் ஊற்றலாம், சின்ன எஞ்சினும் பெரிய எஞ்சினாக நடந்துகொள்ளும். மேவரிக்கின் 2 லிட்டர் டர்போ தொடக்கத்தில் 250 குதிரை; சான்டா குரூஸின் 2.5 லிட்டர் டர்போ 281. மென்மையாக ஓட்டினால் சிக்கனம், அழுத்தினால் குடி. வாங்குபவர்கள் எல்லோரும் மென்மையாக ஓட்டுவதாகச் சொல்லித்தான் வாங்குகிறார்கள். மேவரிக் டர்போவின் கலப்பு மைலேஜ் அப்போது முன்சக்கர இயக்கத்தில் 26. நான்கு சக்கர இயக்கமுள்ள சான்டா குரூஸ் டர்போவுக்கு 22. சான்டா குரூஸின் சாதா எஞ்சினும் 191 குதிரைதான். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

சான்டா குரூஸில் ஹைப்ரிடே கிடையாது என்பதால், ஹைப்ரிட் வேண்டும் என்றவுடனே வண்டியும் தீர்மானமாகிவிடுகிறது. இந்த எளிய உண்மை மைத்துனரைக் கடுப்பேற்றியது. தேர்வு இல்லாத தேர்வை அவர் ஏற்பதில்லை.

விலையில் இன்னும் மோசம். முதல் ஆண்டில் மேவரிக் ஹைப்ரிடின் அடிப்படை விலை, டெலிவரிக் கட்டணம் நீங்கலாக, 19,995 டாலர். டர்போவுக்கு 1,085 டாலர் கூடுதல். அதாவது விலை குறைந்ததே பெட்ரோலும் குறைவாகக் குடித்தது. கணக்குப் போட இடமே இல்லை. ஆகவே நம்மவர்கள் கணக்குப் போட்டார்கள். மைத்துனரின் எக்செல் தாளில் பெட்ரோல் விலை, தேய்மானம், இன்ஷூரன்ஸ், மறுவிற்பனை என்று பத்திகள் திரையைத் தாண்டி வலப்பக்கம் ஓடின. மஞ்சள் வண்ணமிட்ட ஒரு பத்தியின் தலைப்பு "பேட்டரி போனால்". பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது ஒரு லட்சம் மைல் உத்தரவாதம் இருக்கிறது. இதே ஃபோர்டின் எஸ்கேப் ஹைப்ரிட் நியூயார்க்கிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் டாக்ஸியாக உழைத்திருக்கிறது. மைத்துனரோ எந்த வண்டியையும் ஐந்து ஆண்டுக்கு மேல் வைத்துக்கொண்டதில்லை. மஞ்சள் பத்தி அப்படியே இருக்கிறது.

இழுவைத் திறன் தனித் தலைப்பு. முதலில் வந்த ஹைப்ரிட் 2,000 பவுண்டு இழுக்கும். மேவரிக் டர்போ, அதற்கென உள்ள பொதியை வாங்கினால், 4,000. கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் கருவி, பெரிய விசிறி, டிரெய்லர் பிரேக் கட்டுப்பாடு எல்லாம் அதில் அடக்கம். சான்டா குரூஸ் டர்போ 5,000. இந்த எண்களை ஒப்பிட்டுப் பேசுவோரில் பெரும்பாலோரிடம் படகும் இல்லை, டிரெய்லரும் இல்லை, குதிரை நிச்சயமாக இல்லை. "நாளைக்குத் தேவைப்படலாம்ல, அத்தான்?" என்பது வாதம். இதுவரை அவர் இழுத்தவற்றுள் கனமானது விமான நிலையத்தில் மாமியாரின் பெட்டி. அதற்குச் சக்கரம் இருந்தது.

தொட்டி நாலரை அடி. எட்டடி பிளைவுட் உள்ளே படுக்காது. பின்கதவைப் பாதி திறந்து நிறுத்தினால் சக்கர மேடுகளின் மேல் சமமாக உட்காரும், மீதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இருபுறச் சுவரிலும் பள்ளங்கள் விட்டிருக்கிறார்கள், கட்டையைக் குறுக்கே செருகித் தடுப்பு அமைத்துக்கொள்ள. நன்றாக யோசித்துச் செய்த தொட்டி. அதில் குறை சொல்ல முடியவில்லை. சுமை 1,500 பவுண்டு வரை. இந்தியக் கடையில் கிடைக்கும் 20 பவுண்டு சோனா மசூரி மூட்டைகள் 75. ஒரு குடும்பம் வாரத்துக்கு ஒரு மூட்டை தின்றாலும் ஆண்டு முழுக்கத் தின்று தீராது. சான்டா குரூஸின் தொட்டி இன்னும் கொஞ்சம் குட்டை. ஆனால் அதன் தரைக்கு அடியில் பூட்டுடன் ஒரு பெட்டி உண்டு, தண்ணீர் வடிய அடைப்பானும் உண்டு. ஐஸ் போட்டு பானம் வைக்கலாம் என்று விளம்பரம். வரி நீங்கிய பிராந்தியையும் வைக்கலாம்.

கடைசியாகக் காலவரிசை, யோசிப்பவர்களுக்கு இது முக்கியம். முதலாண்டு மேவரிக்குக்குக் கூட்டம் தாங்காமல் 2022 ஜனவரியில் ஆர்டர் எடுப்பதையே நிறுத்தினார்கள். 2024 மாடலில் டர்போ அடிப்படை எஞ்சினாகி, ஹைப்ரிடுக்கு 1,500 டாலர் தனியாகக் கேட்டார்கள். ஆண்டுக்கு 12,000 மைல் ஓட்டி, பெட்ரோல் காலன் மூன்றரை டாலர் என்று வைத்துக்கொண்டால் அந்தத் தொகை மூன்று ஆண்டுக்குச் சற்று மேல் திரும்பி வரும். 2025 மாடலில் ஹைப்ரிட் மறுபடியும் அடிப்படையானது, நான்கு சக்கர இயக்கத்துடனும் கிடைத்தது, உரிய பொதியுடன் 4,000 பவுண்டையும் இழுத்தது. டர்போவா ஹைப்ரிடா என்ற கேள்வியில் பெரும்பகுதி இத்துடன் தீர்ந்தது. விலை மட்டும் 26,000 டாலரைத் தாண்டியிருந்தது. யோசித்த காலத்தில் ஏறிய விலையிலிருந்து பெட்ரோல் சேமிப்பைக் கழித்தால் என்ன மிஞ்சும் என்பதற்கு எக்செலில் பத்தி கிடையாது.

எஞ்சின் பிரிவு முடிந்ததால் ஆராய்ச்சி இப்போது தொட்டி மூடிகளுக்கு நகர்ந்துள்ளது. சுருட்டும் மூடி விலை குறைவு, கத்தியால் கிழிக்கலாம். மூன்றாக மடியும் கடின மூடி திருடனைத் தாமதப்படுத்தும், முழுதாகத் திறந்தால் பின்கண்ணாடியை மறைக்கும். உள்ளிழுக்கும் மூடி அழகு. ஆனால் அதன் பெட்டி தொட்டிக்குள்ளேயே இடம் பிடிக்கும், அதில் சேரும் இலைச் சருகை அவ்வப்போது எடுக்க வேண்டும். எது நல்லது என்று பார்த்துச் சொல்லும்படி மூன்றின் படங்களும் நேற்றிரவு வந்திருக்கின்றன. வண்டி இன்னும் வாங்கப்படவில்லை.