புளோரிடாவில் முறைப்படி வழுக்கி விழுவது எப்படி?

புளோரிடாவில் விழுவது சுலபம். நஷ்டஈடு வரும்படி விழுவதுதான் வித்தை. நெடுஞ்சாலைப் பலகைகளில் கோட்டு போட்டுச் சிரிக்கும் வக்கீல்களை நம்பி, விழுந்தாலே கோடீஸ்வரன் என்று கனவு காண்பவர்களுக்காக இந்த வழிகாட்டி.

1. நல்ல தோலாகப் பார்த்து மிதியுங்கள்

சூப்பர் மார்க்கெட்டில் வாழைப்பழத் தோல் வழுக்கியதா? அது அங்கே கிடந்தது கடைக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால், தெரிந்துகொள்ளும் அளவுக்கு வெகுநேரம் கிடந்திருக்க வேண்டும். அதை நிரூபிப்பது விழுந்தவர் பாடு. மஞ்சள் மாறாத தோல் என்றால், “இப்போதுதான் யாரோ போட்டார்கள்” என்று சொல்லிவிடுவார்கள். கறுத்து, காய்ந்து, தள்ளுவண்டிச் சக்கரத்தின் தடம் பதிந்த தோல் உத்தமம். எழுந்திருக்கும் முன் படம் எடுத்துவிடுங்கள். அடுத்த நிமிடம் துடைப்பம் வந்துவிடும்.

2. ஐம்பதுக்கு மேல் தப்பு செய்யாதீர்கள்

விபத்தில் யார் பங்கு எவ்வளவு என்று ஜூரி சதவீதம் போடும். முன்பெல்லாம் 90 சதவீதத் தவறு உங்களுடையது என்றாலும் மீதிப் பத்தைக் கேட்டு வாங்கலாம். 2023 மார்ச்சில் சட்டம் மாறியது. இப்போது சரிபாதி வரை பரவாயில்லை. 51 ஆனால் பட்டை நாமம். ஆகவே போனைப் பார்த்துக்கொண்டு நடப்பவர்கள் அளவோடு பார்க்கவும்.

1971-இல் வால்ட் டிஸ்னி வேர்ல்டின் குட்டிக் கார் பந்தயத்தில் ஒரு பெண்ணின் வண்டியைப் பின்னாலிருந்து இடித்தவர், அவரை மணக்கவிருந்தவரேதான். பெண் டிஸ்னிமீது போட்ட வழக்கில் ஜூரி கணக்கு: பெண் 14, மாப்பிள்ளை 85, டிஸ்னி 1. ஆனால் மாப்பிள்ளையின் பங்கையும் சேர்த்து 86 சதவீதத்தையும் டிஸ்னியே கட்ட வேண்டும் என்று 1987-இல் மாநில உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஆசைப்படாதீர்கள், அடுத்தவர் பங்கையும் ஒருவரிடமே வசூலிக்கும் அந்தக் கதவை 2006-இல் சாத்திவிட்டார்கள்.

3. கழுத்து வலியைத் தள்ளிப்போடாதீர்கள்

கார் விபத்தில் யார் மோதியிருந்தாலும், முதலில் கை கொடுப்பது உங்கள் சொந்தக் காப்பீடுதான்: மருத்துவச் செலவில் 80 சதவீதம், சம்பள இழப்பில் 60 சதவீதம், மொத்தம் 10,000 டாலர் வரை. ஆனால் 14 நாளுக்குள் சிகிச்சைக்குப் போயிருக்க வேண்டும். தைலம் தேய்த்துக்கொண்டு, “ரெண்டு நாள் பார்ப்போம்” என்று இருப்பவர்களுக்குப் பதினைந்தாம் நாள் வரும் வலி இலவசம்.

4. பலகையைப் படித்துவிட்டுக் கடி வாங்குங்கள்

நாய் கடித்தால், அது அதன் முதல் கடியே ஆனாலும் வளர்ப்பவர்தான் பொறுப்பு. ஆனால் வீட்டு வாசலில் கண்ணில் படும்படி ‘பேட் டாக்’ என்று எழுதி வைத்திருந்தால், அவர் பெரும்பாலும் தப்பித்துக்கொள்வார். ஆறு வயது நிரம்பாத குழந்தைகளுக்கு இந்தப் பலகை செல்லாது. முடிந்தால் அந்த வயதுக்குள் கடி வாங்கிவிடுங்கள்.

5. நாள் பார்த்துக்கொள்ளுங்கள்

கவனக்குறைவு வழக்குகளுக்கு முன்பு நான்கு ஆண்டு கெடு இருந்தது. அதே 2023 மாற்றத்துக்குப் பிறகு இரண்டே ஆண்டு. அதற்குப் பிறகு எவ்வளவு வலித்தாலும் சட்டத்தின் கண்ணுக்கு நீங்கள் ஆரோக்கியமானவர்.

6. வெற்றியைக் கணக்கிடுங்கள்

ஜூரி உங்கள் நஷ்டத்தை ஒரு லட்சம் டாலர் என்று மதிக்கிறது. தவறில் 30 சதவீதம் உங்களுடையது. கைக்கு வருவது 70,000. வக்கீல் ஜெயித்தால்தான் பணம் கேட்பார். ஆரம்பத்திலேயே சமாதானம் என்றால் மூன்றில் ஒரு பங்கு, எதிர்த்தரப்பு பதில் மனு போட்டபின் 40 சதவீதம் வரை. 28,000 போயிற்று. மீதியில் வழக்குச் செலவு, மருத்துவமனை பாக்கி, ‘நாங்கள் கட்டியதைத் திருப்பிக் கொடு’ என்று நிற்கும் மருத்துவக் காப்பீட்டு நிறுவனம்.

இவர்கள் எல்லாரும் போன பிறகு மிஞ்சுவதில், அடி வழுக்காத செருப்பு ஒரு ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள்.